விமானி பார்த்த வெளிச்சம்: விசாரணைக் கோப்பைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானிகள் வானில் கண்ட அடையாளம் தெரியாத பொருள்கள் பற்றி அரசுகள் நடத்திய விசாரணைகளை எடுத்து மறுபடி அலசுவது, சேலத்தில் எங்கள் வானியல் ஆர்வலர் குழுவுக்கு வரும் புதியவர்களுக்கான பயிற்சி. நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். கோளையும் நட்சத்திரத்தையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு இரவு மொட்டை மாடியில் நின்றால் அவை தாமாகச் சரியாகிவிடும்.

தூரத்தைச் சாட்சியிடம் கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இருண்ட வானில் ஒற்றை வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணுக்குத் திசையும் கோணமும் மட்டுமே கிடைக்கும். தூரம், அளவு, வேகம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை ஊகித்துவிட்டால் மற்ற இரண்டும் ஊகமாகவே பின்னால் வரும்.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற அமெரிக்க விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறப்பதைக் கண்டார். அவை அங்கிருந்து ஆடம்ஸ் மலையை எட்ட 1 நிமிடம் 42 விநாடி ஆனதைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டார். அருமையான காரியம். ஆனால் அதிலிருந்து அவர் கணக்கிட்ட, மணிக்கு 1,900 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், அவை 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன என்ற கணிப்பின் மேல் நிற்கிறது. தூரத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள். வேகமும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த 'கோஃபாஸ்ட்' காணொளியில் கடலை ஒட்டிச் சீறிப் பாய்வதாகத் தோன்றிய பொருளும் அப்படித்தான். அது சுமார் 13,000 அடி உயரத்தில், மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் மெதுவாக நகர்ந்ததாக 2023இல் நாசா குழு கணக்கிட்டது. சீற்றமெல்லாம் படம்பிடித்த விமானத்தின் வேகம் காட்டிய மாயை.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் ஒரு மாலை, புதியவர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதினார்: "பள்ளத்தாக்கின் மேல் அரை கிலோமீட்டரில் பஸ் அளவு வெளிச்சம். அசையாமல் நின்று, பிறகு இறங்கி மறைந்தது." எழுத்தில் ஏறிய அந்த அரை கிலோமீட்டரை யாரும் சந்தேகிக்கவில்லை. விமானமா? இவ்வளவு பக்கத்தில் சத்தம் கேட்டிருக்குமே. கோளா? அரை கிலோமீட்டரில் கோள் ஏது! சரியான விடையை முதல் நாளே தூக்கி எறிந்துவிட்டு, கல்யாணங்களுக்கு டிரோன் விடுபவர்களைத் தேடிச் சேலம் முழுக்க அலைந்தார்கள். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்: எந்தத் திசை, கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயரம்? மேற்கே, மேட்டூர்ப் பக்கம், இரண்டு விரல். அந்த மாலை வெள்ளிக் கோள் அங்கேதான் அடைந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் வெள்ளி என்பது

இது எதிர்முனைச் சோம்பல். 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் வசதியில்லாமல் மிக உயரே ஏறிய கேப்டன் தாமஸ் மான்டெல் விமானம் நொறுங்கி இறந்தார். நடந்தது பட்டப்பகலில், ஆனாலும் வெள்ளி என்றார்கள். கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்ட 'ஸ்கைஹூக்' ராட்சத பலூனாக இருக்கலாம் என்ற விளக்கம் பின்னால்தான் வந்தது. வெள்ளி என்று எழுதுமுன், அந்த நிமிடத்தில் அது எங்கே இருந்தது, கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளி இருந்ததா என்று பாருங்கள்.

விமானி தவறமாட்டார் என்பது

அவரும் கண்ணால்தான் பார்க்கிறார்.

ரேடாரில் இல்லை, ஆகவே பொய்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பெரிதும் நம்பும் இரண்டாம் நிலை ரேடார், பதில் சமிக்ஞை அனுப்பும் விமானங்களையே காட்டும். பலூன் பதில் சொல்லாது. 1995 ஜனவரி 6 அன்று மான்செஸ்டரில் தரையிறங்க வந்த போயிங் 737இன் விமானிகள் இருவர் ஒரு பொருள் அருகே கடந்ததாகப் புகார் செய்தார்கள். ரேடாரில் எதுவும் இல்லை. விசாரித்த பிரிட்டிஷ் குழு அவர்களைப் பொய்யர்களாக்கவில்லை. மதிப்பிட இயலாது என்று எழுதியது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த முடிவு பிடிப்பதேயில்லை. மூடி மறைக்கிறார்கள் என்று கொதிப்பார்கள். எனக்கு அது நேர்மையான வரியாகவே படுகிறது.

நேரம்

விமானக் கோப்புகளில் இருப்பது உலகப் பொது நேரம். 18:30 என்றிருந்தால் இந்தியாவில் நள்ளிரவு 12 மணி, தேதியும் மாறிவிடும்.