டிக்கெட் போடுவதற்கு முன் விசா விதியை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

ஒருமுறை செக்-இன் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அப்பா, பிள்ளைகள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் சரியாக இருந்தது. அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதம்தான் பாக்கி. போகிற நாடு ஆறு மாதம் கேட்டது. "போன தடவை விட்டார்களே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எடை போட்ட பெட்டிகளை மறுபடி இறக்கினார்கள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

போன தடவை நடந்ததை நம்பிக் கிளம்ப முடியாது. கென்யா 2024 ஜனவரியில் பழைய விசா முறையையே எடுத்துவிட்டு இணையவழிப் பயண அனுமதிக்கு மாறியது. விசா தேவையில்லாத பயணிகளிடமும் பிரிட்டன் இப்போது ஈடிஏ என்ற இணையவழி முன் அனுமதியைக் கேட்கிறது. அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டானது. அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகக்கூடியவர்கள் வாங்கும் எஸ்டா என்ற முன் அனுமதியின் கட்டணம் அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 21 டாலரிலிருந்து 40 டாலருக்கு ஏறியது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதலிலிருந்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

படி 1: பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வையுங்கள்

நினைவில் இருக்கிற தேதியை நம்ப வேண்டாம், அச்சில் இருப்பதைப் பாருங்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும், அதோடு பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே வழங்கிய தேதியையும் பாருங்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்களாவது இருக்கட்டும்.

படி 2: அரசுத் தளத்தைக் கண்டுபிடியுங்கள்

தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசுச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு, இலவசப் படிவத்துக்குக் காசு வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் கேட்கிற டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அதற்கு யாராவது பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த நாட்டின் குடிவரவுத் துறை அல்லது தூதரகத் தளத்திலிருந்து உள்ளே போவதுதான் பத்திரமான வழி.

விமான நிறுவனங்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தை வைத்துத்தான் உங்களை ஏற்றலாமா என்று பார்க்கின்றன. சில நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே பயணிகள் அதில் தேடவும் வசதி வைத்திருக்கின்றன. கவுன்டரில் இருப்பவர் பார்க்கப் போவதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: "விசா வேண்டாம்" என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

விசா வேண்டாம் என்பதற்கு, கையை வீசிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. ஈடிஏ, எஸ்டா போன்ற முன் அனுமதி தேவைப்படலாம், வருகை அட்டையும் தேவைப்படலாம். இந்த அனுமதிகள் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு ஒட்டியவை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய ஈடிஏ போய்விடும், புதிதாக வாங்க வேண்டும். ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால், இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.

படி 4: நடுவில் இறங்கும் நாடு

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறினாலும் குடிவரவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும், அதனால் விசாவோ எஸ்டாவோ வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டிருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வெளியே வரவேண்டியிருக்கும். அப்போது அந்த நாட்டுக்குள் நுழைந்த கணக்குத்தான். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று எடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

படி 5: நாட்களை எண்ணுங்கள்

ஷெங்கன் பகுதியில் குறுகிய காலப் பயணத்துக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஆறு மாதம் முடிந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறார்கள், அது தவறு. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று, பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் சேரும்.

ஒரு காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 10 முதல் பிப்ரவரி 28 வரை தங்கினீர்கள்: 22 நாளும் 28 நாளும் சேர்ந்து 50. மே 1 அன்று மறுபடி போகிறீர்கள். மிச்சம் 40 நாள். மே மாதம் 31, ஜூனில் 9. அதாவது ஜூன் 9 அன்று கிளம்பிவிட வேண்டும். ஜூன் 10 ஆனால் அது அத்துமீறல்.

முன்பு முத்திரையை அதிகாரி புரட்டிப் பார்த்து எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படம் எடுக்கும் மின்னணு நுழைவு-வெளியேற்ற முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுக்கும்.

விசா கையில் வந்ததும் அதிலும் ஒரு கணக்கு உண்டு. செல்லுபடி மார்ச் 1 முதல் 30 வரை, தங்கும் நாள் 15 என்று அச்சாகியிருந்தால், அந்த 30 நாளுக்குள் ஏதாவது 15 நாள் என்று பொருள். முப்பதும் தங்கலாம் என்பதில்லை.

படி 6: விண்ணப்பம்

பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். எண்ணில் சுழியா, 'ஓ' எழுத்தா என்ற குழப்பம் சாதாரணமாக வரும். ஒரே பெயர் உள்ளவர்கள் படிவத்தின் குறிப்பை நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க விசா படிவத்தில் இயற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். சந்திப்பு நேரம் கிடைப்பதே சிரமம் என்பதால் நான் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவேன்.

படி 7: கிளம்பும் வாரம்

அதே அரசுத் தளத்தை மறுபடி திறந்து, ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விசா, தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். போன் அணைந்துபோகலாம். இறங்கியதும், அதிகாரி முத்திரை குத்தித் தந்தால் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அதில் எந்தத் தேதி வரை என்று படியுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே, அப்போதே கேளுங்கள்.