கெண்டைக்கால் பிடிக்கிறதா? நின்று நின்று நடக்கும் முறை

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். அப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது. கால் தமனியில் கொழுப்பு படிந்து அடைத்திருப்பதால், நடக்கும்போது தசைக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "நல்லா நடங்க, வலிச்சா நில்லுங்க" என்றார். எவ்வளவு வலித்தால் நிற்பது? எவ்வளவு நேரம் நிற்பது? அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் பரிசோதனை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், ரிப்போர்ட்டில் ஏ.பி.ஐ. என்று இருக்கும். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. சும்மா நின்றால் வலி போகவில்லை, உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் போகிறது என்றால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கிறது, புண் ஆறவில்லை, விரல் கறுக்கிறது என்றால் நடைப்பயிற்சி வேண்டாம், இன்றே ரத்தக்குழாய் மருத்துவரிடம் போங்கள். காலில் அடைப்பு உள்ளவர்களுக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் டாக்டரின் சம்மதம் வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் இடம். சமதரையாக, நடுநடுவே உட்கார வசதியோடு இருந்தால் போதும்.

சரி, நடக்க ஆரம்பியுங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி தொடங்குகிற வேகம்தான் சரியான வேகம். எல்லோரும் குழம்புவது இங்கேதான்: வலி தொடங்கியதும் நின்றுவிடக் கூடாது. வலியை 0 முதல் 4 வரை மனசுக்குள் அளந்துகொள்ளுங்கள். 1 என்றால் லேசாகத் தெரிகிறது. 2 என்றால் நன்றாக வலிக்கிறது, ஆனால் கூட வருபவர் பேச்சுக் கொடுத்தால் கவனம் அங்கே போகும். 3இல் என்ன பேசினாலும் கவனம் காலை விட்டு நகராது. 4 தாங்கவே முடியாதது. 2ஐத் தாண்டி 3ஐ நெருங்கும்போது நில்லுங்கள். அதனால்தான் அப்பாவோடு நானும் நடந்தேன், அவர் என் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பெஞ்சைத் தேடுவேன்.

வலி முழுசாகப் போகும்வரை நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். பாதி வலியோடு கிளம்பினால் அடுத்த சுற்று ரொம்பச் சின்னதாகிவிடும். இப்படி மாறி மாறி, ஓய்வையும் சேர்த்து அரை மணி நேரத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு 3 நாள், குறைந்தது 12 வாரம். 8 நிமிடம் நடந்தும் 2 வரவில்லையா, வேகத்தைக் கூட்டுங்கள்.

வலிக்க வலிக்க எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2021இல் அமெரிக்காவில் 305 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. வலி வரும் வேகத்தில் வீட்டருகே நடந்துவந்தவர்களுக்கு, ஓர் ஆண்டு கழித்து, 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 34.5 மீட்டர் கூடியிருந்தது. வலிக்காத வேகத்தில் நடந்தவர்களுக்குக் கூடவே இல்லை. அடைப்பு அப்படியேதான் இருக்கும், கிடைக்கிற ரத்தத்தைத் தசை நன்றாகப் பயன்படுத்தப் பழகுகிறது.

பீடி, சிகரெட்டை விடாமல் இதைச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடி எண்ணும் கைக்கடிகாரம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நாளில் எத்தனை அடி என்பதை விட, வலி எந்த நிமிடத்தில் தொடங்கியது என்பதுதான் முன்னேற்றத்தைக் காட்டும். போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, பின்பக்கம் மூடிய மெத்தென்ற ஷூ, இவ்வளவே போதும்.

பின்சேர்க்கை: சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது, வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம், திரும்பியதும் விரல் இடுக்கு வரை பாருங்கள். ரத்தக்குழாய் இறுகிப்போயிருந்தால், அடைப்பு இருந்தும் ஏ.பி.ஐ. சரியாக இருப்பதுபோலக் காட்டக்கூடும், கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொருவர் வெரிகோஸ் வெயினுக்குப் போடும் இறுக்கமான காலுறையைப் போட்டு நடக்கலாமா என்றார். அது சிரைக்கானது, தமனி அடைத்த காலில் இருக்கிற ரத்தத்தையும் நிறுத்திவிடலாம், டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.