எச்எல்ஏ-பி27 ரிப்போர்ட் கையில் வந்தால்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். முதுகுத்தண்டு நோய் ஒன்றோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் "நோய் வந்துடுச்சா சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை. உங்களிடம் அந்த மரபணு இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மரபணு உண்டாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று, உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும். டி-செல் தன் மேலுள்ள ஏற்பி என்ற பிடிப்பானால் அதைத் தொட்டுப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்யும். பி27 உள்ள சிலரிடம் அந்த முடிவு பிசகுவதாகக் கருதுகிறார்கள். பாக்டீரியாத் துணுக்கையும் நம் உடலின் துணுக்கையும் ஒரே ஏற்பி பிடித்துக்கொள்வதை 2022-இல் நோயாளிகளின் டி-செல்களை வைத்தே காட்டினார்கள்.

முதுகுத்தண்டை இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973-இல் தெரியவந்தது. ஐரோப்பிய நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு பி27 உண்டு. ஆனால் திருப்பிப் பாருங்கள்: பி27 உள்ள 100 பேரில் நோய் வருவது ஏறக்குறைய 5 பேருக்குத்தான். அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு கூடும்.

அதனால் ரிப்போர்ட்டை வலியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பிவிட்டு, படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற இடுப்பு வலியா? அப்படியானால் மூட்டு, வாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ கேட்பார்கள். ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலும் இப்படி வலித்தால் போகத்தான் வேண்டும். பி27 உள்ளவர்களுக்குக் கண்ணிலும் அழற்சி வரலாம்; கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவர்.

"குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்" என்று திரும்ப எடுக்க வருகிறார்கள். காசுக்குத் தண்டம், மரபணு மாறாது. ஏறி இறங்குவது உடலில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனைகள். முடிவு தெளிவில்லாமல் வந்தால் மட்டும் மரபணுவையே நேராகப் பார்க்கும் பிசிஆர் முறையில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றில் வரவும் வேண்டாம்.

அப்புறம், "பிள்ளைகளுக்கும் எடுத்துடவா?" ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த மரபணு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வலியில்லாத பிள்ளைக்கு எடுத்து, வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.