அல்வாவுக்கு எத்தனை எஸ்?

தங்கச்சி கல்யாண வரவேற்புக்கு மெனு கார்டு அடிக்க பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தோம். இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். புரூஃப் வந்தது. இடியாப்பம், சொதி, புரோட்டா எல்லாம் சரி. கடைசியில் ‘டிஸர்ட்’ என்று தலைப்புப் போட்டு, கீழே அல்வா, பால் பாயசம். அந்தத் தலைப்பில் ஒரு எஸ்ஸைக் காணோம். அதாவது, சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் பாலைவனம் பரிமாறப் போகிறோம்.

“அண்ணாச்சி, இதுல இன்னொரு எஸ் வரணும்லா?”

“கம்ப்யூட்டர் செவப்புக் கோடு போடலியே தம்பி. தப்புன்னா போட்டிருக்கும்லா?”

முதல் தவறு இந்த நம்பிக்கைதான். கம்ப்யூட்டர் பொதுவாக அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான் சிவப்புக் கோடு போடும். ஒரு எஸ் போட்டால் (desert) பாலைவனம், இரண்டு எஸ் போட்டால் (dessert) இனிப்பு. இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள். நாம் எதை நினைத்து அடித்தோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எஸ் ஏன் ஒன்று, ஏன் இரண்டு என்பதற்குக் காரணம் உண்டு. இனிப்பைக் குறிக்கும் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. சாப்பாடு முடிந்து மேசையில் பரிமாறியதை எல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் வைக்கிற பண்டம் என்று பொருள். பரிமாறுவதைச் சொல்லும் ‘சர்வ்’ அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. முன்னொட்டின் எஸ் ஒன்று, சர்வின் எஸ் ஒன்று, ஆக இரண்டு. பாலைவனச் சொல்லின் வேர் லத்தீன். ‘கைவிடப்பட்டது’ என்று பொருள். அதில் பரிமாற யாரும் இல்லை, ஒரு எஸ் போதும். வேரெல்லாம் நினைவில் நிற்காது என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அல்வாவை யாரும் ஒரு துண்டோடு விடுவதில்லை.

உண்மையில் நம் ஊர் அல்வாவை டிஸர்ட் என்று சொல்வதே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். சாப்பாட்டுக்கு அப்புறமா அதைத் தின்கிறோம்? சாயங்காலம் கடை வாசலில் நின்று, இலையில் சுடச்சுட வாங்கி, நெய் விரலில் வழிய வழிய விழுங்கிவிட்டு, திகட்டாமல் இருக்க ஒரு பிடி மிக்சரை வாயில் போடுகிறோம். சரி, மெனு கார்டுக்கு வேறு வழியில்லை.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியைப் பாலைவனம் என்று எழுதுவதும் அப்படித்தான். 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது அது தூத்துக்குடிக்குப் போய்விட்டது. எங்களுக்கு இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். இரும்புத் துருவேறிய சிவப்பு மணல், காற்றில் மேடு மேடாக இடம் மாறும். பார்த்தால் பாலைவனமேதான். ஆனால் பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். தேரியில் அதைவிட அதிகமாகவே பெய்கிறது. பனையும் முந்திரியும் நிற்கின்றன. மணலே பாலைவனத்துக்கு அடையாளம் இல்லை. பனி மூடிய அண்டார்டிகாவும் அந்தக் கணக்கில் பாலைவனம்தான்.

உச்சரிப்பில்தான் அடுத்த வழுக்கல். பாலைவனத்துக்கு முதல் அசையில் அழுத்தம்: டெஸர்ட். இனிப்புக்கு இரண்டாம் அசையில்: டிஸர்ட். தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

இத்தோடு முடிந்தால் தேவலை. மெனு கார்டைத் திருத்திய அதே அண்ணாச்சி, அடுத்த வாரம் ஒரு மனுவின் நகலைக் காட்டினார். கணவன் தன்னைக் கைவிட்டுப் போனதாக ஒரு பெண் கொடுத்தது. “இப்போ எஸ் சரியா இருக்கா தம்பி?” என்றார் பெருமையாக. இரண்டு எஸ்! மூன்றாவது சொல் ஒன்று இருப்பதை நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். கைவிடு என்ற வினைச்சொல்லுக்கு எழுத்து பாலைவனத்தினுடையது, ஒலி இனிப்பினுடையது. காதை நம்பி எழுதினால் இங்கே கட்டாயம் விழுவோம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் துணையைக் கைவிட்டிருப்பது விவாகரத்துக்கு ஒரு காரணம். அந்த ‘டெஸர்ஷன்’ என்ற சொல்லுக்கும் ஒரு எஸ்தான்.

இதே வேரிலிருந்து இன்னொரு குழப்பமும் வருகிறது. ‘டெஸர்ட் ஐலண்ட்’ என்பதைப் பாலைவனத் தீவு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது ஆளில்லாத தீவு. தென்னையும் ஓடையுமாகப் பச்சைப்பசேலென்று இருக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதில் ஆங்கிலேயர்களே தடுக்கி விழுவார்கள். செய்த வினைக்குத் தகுந்த பலன் கிடைத்தது என்பதற்கு ‘ஜஸ்ட் டிஸர்ட்ஸ்’ என்பார்கள். ஒலி இனிப்புதான், ஆனால் தகுதியைச் சொல்லும் ‘டிஸர்வ்’ பிறந்த குடும்பம் அது, நடுவில் ஒரு எஸ்தான். வெளிநாட்டில் இனிப்புக் கடைப் பலகையில் இதையே இரண்டு எஸ்ஸோடு பார்த்தால் உடனே திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். அது வேண்டுமென்றே செய்த சிலேடையாக இருக்கும்.