இரண்டு பள்ளிகள், ஓர் அட்டைத் துளை: பூமியின் சுற்றளவை அளக்கும் செய்முறை

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் மன்றத்தை நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்வதில் தவறில்லை. ஆனால் அதில் மாணவர்கள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. அளவெடுப்பது வேறு வகை வேலை. என்ன எண் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்த எண்ணை ஏன் நம்ப வேண்டும் என்றும் அவர்களே சொல்லியாக வேண்டும். எட்டு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை யாரும் செய்யக்கூடிய, செலவு மிகக் குறைவான ஓர் அளவீடு இது: தொலைவில் உள்ள இரண்டு பள்ளிகள் ஒரே நாளில் நிழலை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது.

முதலில் இதன் அடிப்படை. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் பூமியின் எல்லா இடத்துக்கும் ஏறத்தாழ இணையாகவே வருகின்றன. தரை தட்டையாக இருந்தால் ஒரே நண்பகலில் ஓசூரிலும் நாகர்கோவிலிலும் ஒரே நீள நிழல் விழ வேண்டும். அப்படி விழுவதில்லை. தரை வளைந்திருப்பதால் இரண்டு ஊர்களின் 'நேர் மேல்' வெவ்வேறு திசைகளைக் காட்டுகிறது. அந்த இரண்டு திசைகளுக்கும் இடையே உள்ள கோணத்தை நிழல் சொல்லிவிடும். ஊர்களுக்கு இடையேயான தூரமும் தெரிந்தால், 360 பாகைக்கு எவ்வளவு தூரம் என்பது வெறும் விகிதக் கணக்கு. பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தெனிஸ் செய்தது இதைத்தான். தெற்கே சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில், அலெக்சாண்டிரியாவில் அது உச்சியிலிருந்து ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, விலகி இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அக்காலக் கிரேக்க நீள அளவு). ஆகவே பூமியைச் சுற்றி 2,50,000 ஸ்டேடியா என்றார்.

படி 1: துணைப் பள்ளியைத் தேடுங்கள்

துணைப் பள்ளி உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக எவ்வளவு தள்ளியிருந்தாலும் பயனில்லை. குறைந்தது 300 கிலோமீட்டராவது இடைவெளி தேவை. தூரம் குறைந்தால் கோணமும் சிறுத்துவிடும், உங்கள் கைப்பிழை அதை விழுங்கிவிடும். பணியிடைப் பயிற்சியில் பழகிய ஆசிரியர், மாறுதலில் தென்மாவட்டம் போன நண்பர், உங்கள் பழைய மாணவர் ஒருவர் இப்போது வேலை பார்க்கும் பள்ளி என்று தேடினால் கிடைத்துவிடும். ஓசூரும் நாகர்கோவிலும் எனக்குப் பிடித்த இணை. இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக் கோட்டில், ஒன்றுக்கொன்று நேர் வடக்கு தெற்காக இருக்கின்றன.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

எந்த நாளிலும் செய்யலாம். ஆனால் தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது சம இரவு நாள்: மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23. காரணம் அழகானது. அன்று மட்டும் நிழலின் நுனி பகல் முழுவதும் ஒரே நேர்கோட்டில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கிறது. மற்ற நாள்களில் அந்தத் தடம் சற்று வளைந்திருக்கும். நேர்கோடாக இருந்தால், சரியாக நண்பகலில் மேகம் மறைத்தாலும் கவலை இல்லை. முன்னும் பின்னும் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்து, நண்பகல் நிழலைக் கண்டுபிடித்துவிடலாம்.

செப்டம்பர் நாள் காலாண்டுத் தேர்வோடு மோதும், மார்ச் நாள் பொதுத்தேர்வோடு மோதும் என்பது உண்மை. அன்று தேர்வு இல்லாத வகுப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது ஓரிரு நாள் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். தடம் அப்போதும் கண்ணுக்கு நேர்கோடாகவே தெரியும். ஆனால் இரண்டு பள்ளிகளும் ஒரே நாளில்தான் அளக்க வேண்டும். இந்தப் பருவத்தில் சூரியன் ஒரு நாளில் கிட்டத்தட்ட 0.4 பாகை தெற்கு வடக்காக நகர்ந்துவிடும். ஒரு பள்ளி ஒரு நாள் தள்ளி அளந்தால், ஓசூர் நாகர்கோவில் கணக்கில் பூமியின் சுற்றளவு 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பிசகிவிடும்.

படி 3: கருவியைச் செய்யுங்கள்

இந்த முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

வழக்கமாகப் புத்தகங்கள் சொல்வது, பலகையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக அறைந்து அதன் நிழலை அளப்பது. அதில் இரண்டு தொல்லைகள். முதலாவது, குச்சி வடக்கு தெற்காக ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் அந்த ஒரு பாகையும் அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஓசூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மொத்தக் கோணமே நாலரைப் பாகைதான். ஒரு பாகை சாய்வினால் சுற்றளவு 33,000 கிலோமீட்டர் என்றும் வரலாம், 51,000 என்றும் வரலாம். இரண்டாவது, குச்சி நுனியின் நிழல் கூர்மையாக விழுவதில்லை. சூரியன் ஒரு புள்ளி அல்ல. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஒரு மீட்டர் உயரக் குச்சியின் நிழல் நுனி ஏறக்குறைய 9 மில்லிமீட்டருக்கு மங்கிக் கிடக்கும். எது நுனி என்று இரண்டு மாணவர்கள் ஒத்துப்போக மாட்டார்கள்.

இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. குச்சிக்குப் பதில் துளையைப் பயன்படுத்துங்கள்.

ஏறத்தாழ 15 செ.மீ. சதுரமான கெட்டி அட்டையின் நடுவில், பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். மணல் நிரப்பிய வாளியில் ஒரு ரீப்பர் கட்டையை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு சாண் நீளக் கையை வடக்கு நோக்கி நீட்டி, அதன் முனையில் அட்டையைக் கிடைமட்டமாக ஒட்டுங்கள். கீழே சார்ட் தாள் ஒட்டிய பிளைவுட் பலகை. இரண்டடிக்கு மூன்றடி போதும், நீளப் பக்கம் கிழக்கு மேற்காக. அட்டை பலகையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

இனி தூக்குக்குண்டு. துளையின் நடுவழியே நூலை இறக்கி, குண்டின் முனை தாளில் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் 'அடிப்புள்ளி'. நூலின் வழியாகவே உயரத்தையும் மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுங்கள். பிறகு நூலை எடுத்துவிடலாம்.

இப்படிச் செய்த பிறகு ரீப்பர் கட்டை கோணலாக நின்றாலும் கவலையில்லை. செங்குத்து எது என்பதை இப்போது சொல்வது கட்டையல்ல, புவியீர்ப்பு. பலகையின் சாய்வும் பெரிதாகப் பாதிக்காது: அரைப் பாகை சரிந்திருந்தால்கூட, அடிப்புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி விழும் ஒளிக்கு உயர வேறுபாடு 2 மில்லிமீட்டர்தான். அதற்காகச் சும்மா விட்டுவிட வேண்டாம், ரசமட்டம் வைத்து இரு திசையிலும் சரிபாருங்கள். வகுப்பில் யாருடைய தந்தையாவது கொத்தனாராக இருப்பார். தூக்குக்குண்டு பிடிப்பதையும் மட்டம் பார்ப்பதையும் ஒரு மணி நேரம் வந்து கற்றுத்தரச் சொல்லுங்கள். இந்த இரண்டிலும் அவரைவிடக் கைதேர்ந்தவர் பள்ளியில் இருக்க மாட்டார், நம்மையும் சேர்த்து. அதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பது நல்லது.

மங்கல் தொல்லையும் தீர்ந்துவிடும். அட்டையின் நிழலுக்கு நடுவே ஒன்றரை செ.மீ. அளவில் வட்டமான ஒளிப்பொட்டு விழும். அது சூரியனின் பிம்பம். அதன் நடுவைக் குறிப்பது நிழல் நுனியைக் குறிப்பதைவிட மிக எளிது.

படி 4: அளவெடுக்கும் நாள்

காலை 11.20 முதல் பிற்பகல் 1.20 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிப்பொட்டின் நடுவில் புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். பலகையும் வாளியும் இடையில் அசையவே கூடாது. ஒருவருக்கு அதைக் காப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். யாரும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, துளை வழியாகவும் கூடாது. முறை வைத்து மாறி மாறி நிற்க வையுங்கள், குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

கடிகாரத்தில் 12 மணி அடிப்பதுதான் உச்சிவேளை என்று மாணவர்கள் நினைப்பார்கள். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஓசூரும் நாகர்கோவிலும் அதற்கு மேற்கே நாலைந்து பாகை தள்ளி இருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் தாமதம். ஆண்டின் பருவத்தைப் பொறுத்தும் சில நிமிடங்கள் கூடும், குறையும். செப்டம்பர் சம இரவு நாளில் இந்த ஊர்களில் உச்சி ஏறத்தாழ 12.12க்கு வரும், மார்ச்சில் 12.27 வாக்கில். இதை முன்கூட்டிச் சொல்லாமல், புள்ளிகளிலிருந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

படி 5: கோடும் கோணமும்

எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவாகப் போகும் ஒரு நேர்கோட்டை இழுங்கள். அடிப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு மூலைமட்டம் வைத்துச் செங்குத்து வரையுங்கள். அதன் நீளம்தான் நண்பகல் நிழல். அந்தச் செங்குத்துக் கோடு காட்டுவது உண்மையான வடக்கு. காந்த ஊசி இல்லாமலே பள்ளி மைதானத்தின் வடக்கு கிடைத்துவிட்டது. பெயிண்டில் தரையில் வரைந்து வையுங்கள், அடுத்த முறை உதவும்.

நிழல் நீளத்தை உயரத்தால் வகுத்தால் வருவது கோணத்தின் டேன்ஜென்ட். ஒன்பது, பத்தாம் வகுப்பினர் அட்டவணையைப் பார்த்துக் கோணம் சொல்வார்கள். எட்டாம் வகுப்பினர் அளவுத்திட்டத்தில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளக்கலாம். துல்லியம் சற்றுக் குறையும், ஆனால் முறை புரியும்.

என்ன அளவு எதிர்பார்க்கலாம்? இரண்டு ஊர்களின் அட்சரேகையை வைத்துப் போட்ட கணக்கு இது. உயரம் சரியாக 100 செ.மீ. என்றால் நாகர்கோவிலில் 14.4 செ.மீ., ஓசூரில் 22.6 செ.மீ. கோணங்கள் முறையே 8.19, 12.73 பாகை. வேறுபாடு 4.54 பாகை.

படி 6: தூரம்

கணக்கில் சிந்தனை அதிகம் தேவைப்படும் பகுதி இது. வேண்டியது சாலைத் தூரம் அல்ல. நேர்க்கோட்டுத் தூரம்கூட அல்ல. வடக்கு தெற்காக உள்ள தூரம் மட்டும். சென்னையையும் நாகர்கோவிலையும் இணையாக எடுத்து நேர்க்கோட்டுத் தூரத்தைப் போட்டால் விடை 15 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் சென்னை அவ்வளவு கிழக்கே இருக்கிறது. சுவர் வரைபடத்தை எடுத்து, ஓசூர் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு, நாகர்கோவில் வழியாக இன்னொன்று இழுத்து, இடைவெளியை வரைபட அளவுத்திட்டத்தால் பெருக்குங்கள். சுமார் 505 கி.மீ. வரும்.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கேட்பார்: வரைபடம் வரைந்தவருக்கு பூமியின் அளவு ஏற்கெனவே தெரியும்தானே, அப்படியானால் நாம் செய்தது என்ன? இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். கைபேசியில் அட்சரேகை பார்த்து, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் அது சுற்றிச் சுற்றி வரும் கணக்குதான். தரையில் தூரத்தை உண்மையாக அளந்தவர்களின் கதையைச் சொல்வதற்கு இதுவே நேரம். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தரையில் சங்கிலியால் அடிக்கோடு (மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோடு) அளந்து தொடங்கிய நில அளவைதான், பின்பு கன்னியாகுமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை 78 பாகை தீர்க்கத்தை ஒட்டி நீண்டது. கோணங்களை அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு பிசகி அது மோதிச் சேதமடைந்தது. அதைச் சீராக்கி மீண்டும் பயன்படுத்தினார். அவர்கள் அளந்த தமிழகத்துத் தென்வடல் நிலத்தின் மீதுதான் உங்கள் இரண்டு பள்ளிகளும் இருக்கின்றன. நீங்கள் தூரத்தைக் கடன் வாங்கி, கோணத்தைச் சொந்தமாக அளக்கிறீர்கள். அறிக்கையில் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

படி 7: விடையும் பிழையும்

360ஐ 4.54ஆல் வகுத்து 505ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 40,040 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மைச் சுற்றளவு 40,008 கி.மீ. இவ்வளவு நெருக்கமாக உங்களுக்கு வராது. ஒரு பள்ளியில் புள்ளி 2 மில்லிமீட்டர் தவறினால்கூட விடை சுமார் 1,000 கி.மீ. நகரும். 38,000 வந்தாலும் 42,000 வந்தாலும் அது நல்ல அளவீடு. 40,000 வர வேண்டும் என்பதற்காக எந்த மாணவரும் எண்ணைத் திருத்தக் கூடாது. ஆசிரியர் கடுமையாக இருக்க வேண்டிய ஒரே இடம் இது. மாறாக, "எந்தப் பள்ளியின் எந்த அளவு எவ்வளவு தவறினால் இந்த வேறுபாடு வரும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு பள்ளி மாணவர்களும் போனில் பேசி விடை தேடும் அரை மணி நேரத்தில் அவர்கள் கற்பதைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பெற முடியாது.

அடுத்து எங்கே கொண்டுபோகலாம்?

தமிழகம் முழுவதும் வெப்ப மண்டலத்துக்குள் இருப்பதால் ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நிழலில்லா நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் வருகிறது. திரும்பும் வழியில் சென்னைக்கு ஆகஸ்ட் 18, மதுரைக்கு ஆகஸ்ட் 27, கன்னியாகுமரிக்கு செப்டம்பர் தொடக்கம். ஏப்ரலில் பள்ளி கிடைக்காது, ஆகஸ்டைப் பயன்படுத்துங்கள். ஒரு பள்ளியில் நிழல் பூஜ்யமாகிவிடுவதால் அங்கே கோணக் கணக்கே தேவையில்லை. எரடோஸ்தெனிஸ் செய்த அதே வடிவம்.

10 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கான தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இதை அப்படியே அனுப்ப வேண்டாம். அங்கே எதிர்பார்ப்பது சொந்த ஊரிலிருந்து எழும் புதிய கேள்வி. ஆய்வைத் தமிழிலேயே சமர்ப்பிக்கலாம். தமிழகத்தில் அதை ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையோடு பேசினால் வழிகாட்டுவார்கள், துணைப் பள்ளி தேடவும் உதவுவார்கள். இதே கருவியை வைத்து எழக்கூடிய கேள்விகள் நிறைய உள்ளன. வாரம் ஒருமுறை நண்பகல் நிழலை அளந்து ஓராண்டு வரைபடம் போடலாம். எங்கள் வகுப்பறை ஜன்னலுக்கு எந்த மாதத்தில் எவ்வளவு நீளச் சன்ஷேடு வேண்டும் என்று கணக்கிடலாம். பள்ளிக் கூரையில் சூரியத் தகட்டை எந்தச் சாய்வில் வைத்தால் மழைமாதங்களிலும் பயன் கிடைக்கும் என்று பார்க்கலாம். சன்ஷேடு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். விடை சரியா என்பதை மாணவர்கள் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சரிபார்த்துக்கொள்ள முடியும்.