தப்பான எடை கணக்கில் ஏறாமல் தடுப்பது: பைத்தானில் வைல் லூப்பும் லிஸ்டும்

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் ஷீட் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து கட்டுகளின் எடையை வாங்கி, மொத்தம் சொல்ல ஒரு சின்ன நிரல் வேண்டும். அவசரத்தில் ‘38,5’ என்று தட்டுவார்கள். ஒன்றுமே தட்டாமல் என்டரையும் அழுத்துவார்கள். அதற்காக நிரல் பாதியில் நின்றுவிடக் கூடாது.

புதிதாகப் படிப்பவர்கள் ஃபார் லூப்பை ஐந்து முறை ஓட விடுவார்கள். சிக்கல் அங்கேதான். ஃபார் எண்ணுவது கேட்ட தடவைகளை. நமக்கு வேண்டியதோ தேறிய எடைகள். இரண்டு தடவை தப்பாகத் தட்டினால், எடைகளைச் சேர்த்து வைக்கும் பட்டியலான லிஸ்டில் மூன்றே எடை இருக்கும், மொத்தமும் குறையும். அதனால் நிபந்தனை பொருந்தும்வரை ஓடும் வைல் லூப்பை எடுத்து, லிஸ்டின் நீளத்தையே நிபந்தனையாக வையுங்கள். கீழே கட்டளைச் சொற்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘எடை’, ‘எடைகள்’ போன்ற பெயர்கள் பைத்தான் 3-இல் தமிழிலேயே இருக்கலாம்.

எடைகள் = []
வைல் லென்(எடைகள்) < 5:
    பதில் = இன்புட்("எடை, கிலோவில்: ")
    ட்ரை:
        எடை = ஃப்ளோட்(பதில்)
    எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
        பிரிண்ட்("எண்ணாகத் தட்டுங்க, 38.5 மாதிரி")
        கன்டினியூ
    இஃப் 0 < எடை <= 100:
        எடைகள்.அப்பெண்ட்(எடை)
    எல்ஸ்:
        பிரிண்ட்("0-க்கு மேல், 100-க்குள் இருக்கணும்")
பிரிண்ட்(சம்(எடைகள்))

ஃப்ளோட் பதிலைத் தசம எண்ணாக மாற்றும். முடியாவிட்டால் வேல்யூஎரர் என்ற பிழை வரும், எக்ஸெப்ட் அதைப் பிடிக்கும், கன்டினியூ அடுத்த சுற்றுக்குப் போகும். இன்புட் வரி லூப்புக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் அதே தப்பான பதிலையே திரும்பத் திரும்பச் சோதித்து, நிரல் முடிவில்லாமல் ஓடும். கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்த முடியும். கன்டினியூவை விட்டுவிட்டாலும் ஆபத்துதான்: ஒரு சரியான எடைக்குப் பிறகு தப்பாகத் தட்டினால், முந்தைய சுற்றின் எடை அப்படியே மாறியில் இருப்பதால், அது இன்னொரு தடவை லிஸ்டில் ஏறிவிடும். நிரலும் நிற்காது, மொத்தம் மட்டும் தப்பாகும்.

நிபந்தனையை ‘எடை சரியா’ என்றே கேளுங்கள். ‘0 அல்லது அதற்குக் கீழா, 100-க்கு மேலா’ என்று தப்பைத் தேடினால் ஓர் ஓட்டை உண்டு. யாராவது ‘என்ஏஎன்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், ஃப்ளோட் அதை மறுக்காது. ‘எண் அல்ல’ என்ற மதிப்பாக ஏற்றுக்கொள்ளும். அந்த மதிப்பு எந்த எண்ணைவிடவும் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. தப்பைத் தேடும் சோதனையில் நழுவி உள்ளே வரும். மேலே உள்ள சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது தரம். ஆர்எஸ்எஸ் என்பது புகையூட்டிய ஷீட், ஒட்டுப்பால் என்பது கழிவு ரப்பர். எழுதச் சொல்லாமல் எண்ணைத் தேர்ந்தெடுக்க வைப்பது நல்லது.

தரங்கள் = ["ஆர்எஸ்எஸ் 4", "ஆர்எஸ்எஸ் 5", "ஒட்டுப்பால்"]

திரையில் 1, 2, 3 என்று காட்டுவோம். லிஸ்ட் 0-இல் தொடங்குவதால், தட்டிய எண்ணில் 1 கழித்து எடுக்க வேண்டும். 4 தட்டினால், அந்த இடத்தில் உறுப்பே இல்லை என்று இண்டெக்ஸ்எரர் பிழை வரும், தெரிந்துவிடும். 0 தட்டினால்? 1 கழித்தால் -1. பைத்தானில் -1 என்பது லிஸ்டின் கடைசி உறுப்பு. நல்ல ஷீட் சத்தமில்லாமல் ஒட்டுப்பாலாகப் பதிவாகும்! ஆகவே லிஸ்டைத் தொடும் முன்பே ‘1 <= தேர்வு <= லென்(தரங்கள்)’ என்று பார்த்துவிடுங்கள். இங்கே ஃப்ளோட்டுக்குப் பதில், முழு எண்ணாக மாற்றும் இன்ட்.

கேரள எல்லையோரக் களியக்காவிளைப் பக்கம் மலையாளக் கீபோர்டும் புழங்கும். இன்ட், ஃப்ளோட் இரண்டும் மலையாள இலக்கங்களையும் தமிழ் இலக்கங்களையும் எண்ணாகவே படிக்கும், ‘௩௮.௫’ என்றால் 38.5. ஆனால் பத்தைக் குறிக்கும் ‘௰’ இலக்கம் அல்ல, அதற்கு வேல்யூஎரர்தான்.

எழுதி முடித்ததும் வெறும் என்டர், 38,5, -4, 0, 250, ௩௮.௫ என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கடைசி ஒன்று மட்டும் லிஸ்டில் ஏற வேண்டும்.