இருபதுக்கு நாற்பது மனையில் ஒரு 40 மீட்டர் ஆன்டெனா

வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி போன்ற பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தாமே வானொலி அலையில் ஒருவரோடு ஒருவர் பேசும் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோவுக்கு உரிமம் பெற்ற பலர், இத்தனை குறுகிய இடத்தில் நல்ல ஆன்டெனா கட்ட முடியாது என்று எண்ணிக் கையடக்கக் கருவியோடு நின்றுவிடுகிறார்கள். இருபதுக்கு நாற்பது அடி மனையில் எழுந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியே, தமிழ்நாட்டின் பெரும்பகுதியோடு பேசுவதற்குப் போதுமானது. தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பழக விரும்புவோருக்கும் இதே ஆன்டெனாக்கள் பயன்படும்.

நம் ஊருக்கு 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளத்தால் பெயர் பெற்ற 40 மீட்டர் பட்டைதான் முதலில் கட்ட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், ஊரின் கிழக்கே நிற்கும் பாறைக் குன்றுகள் அவற்றை மறித்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ தாழ்வாகக் கட்டிய கிடைக் கம்பியிலிருந்து ஏறக்குறைய நேர் மேலே எழுந்து, வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்குகிறது. குன்று அதற்குத் தடையே இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலில் அந்த மண்டலம் அடர்த்தியாக இருக்கும். பெரும்பாலான நாள்களில் கோவையும் மதுரையும் தெளிவாகக் கேட்கும். பின்னிரவில் அடுக்கு மெலியும்போது அருகிலுள்ள நிலையங்கள் மறைந்து தொலைவிலுள்ளவை மேலெழும். ஆகவே உயரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தரையிலிருந்து 6 முதல் 10 மீட்டர் உயரமே இந்த வேலைக்கு ஏற்றது.

இனி அளவுகள். நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பியான அரை அலை டைபோலின் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய, 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம் வரும். பக்கத்துக்கு 10 மீட்டர். இருபதுக்கு நாற்பது அடி மாடியின் மூலைவிட்டமே 13.6 மீட்டர்தான் என்பதால் கம்பியை நேராகக் கட்ட இயலாது. ஆனால் டைபோலில் மின்னோட்டம் நடுவில் மிகுதியாகவும் நுனிகளில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. கதிர்வீச்சுக்குக் காரணமான வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கம்பியின் நடுப் பாதியே செய்துவிடுகிறது. எனவே நடுப்பகுதியை நேராகவும் உயரமாகவும் வைத்துக்கொண்டு நுனிகளை மடக்கினால் இழப்பு மிகச் சிறியது.

மாடியின் நடுவில் 5 மீட்டர் கம்பம் ஒன்றை நிறுத்த வேண்டும். மூங்கில் போதும், இரும்புக் குழாய் ஆனாலும் கம்பியின் நடுமுனையை அதிலிருந்து சற்று விலக்கிக் கட்டினால் போதும். எதிரெதிர் மூலைகளில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிய பிவிசி குழாய்களின் தலை, மாடித் தளத்திலிருந்து 2.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கம்பத்தின் உச்சியிலிருந்து அந்தக் குழாய் வரை சாய்வாக இறங்கும் கம்பி ஏறக்குறைய 7.3 மீட்டர் கொள்ளும். மீதமுள்ள இரண்டரை மீட்டர் சொச்சத்தை, குட்டையான சுவரை ஒட்டி அதே உயரத்தில் இன்னொரு குழாய்க்கு இழுத்துக் கட்ட வேண்டும். இரு நுனிகளும் எதிரெதிர்த் திசையில் திரும்பி, ஒன்றையொன்று நெருங்காமல் இருப்பது முக்கியம். துணி காயப்போட மாடிக்கு வருபவர்களின் கை எளிதில் எட்டாத உயரம் என்பதற்காகவே 2.2 மீட்டர் சொன்னேன். 100 வாட்டில் இயங்கும்போது கம்பியின் நுனியில் சில நூறு வோல்ட் இருக்கும், தொட்டால் சுட்டுவிடும்.

கம்பிக்கு வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே நன்று. மேலுறை உள்ள கம்பி சற்றுக் குட்டையாகவே இசைவுக்கு, அதாவது வேண்டிய அலைவெண்ணுக்கு, வரும் என்றாலும், பக்கத்துக்கு 10.3 மீட்டர் வெட்டித் தொடங்குவது நல்லது. ஆற்றல் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ நானோ விஎன்ஏ கருவியோ வைத்து, குறைந்த ஆற்றலில் அளந்து பார்க்க வேண்டும். அளவீடு மிகக் குறையும் இடம் 7.0 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் கம்பி நீளம் என்று பொருள். அப்போது வெட்டாமல், நுனியைப் பின்னோக்கி மடித்து, கம்பியோடு சேர்த்து முறுக்கி மறுபடி அளக்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். நம் நாட்டில் 40 மீட்டர் பட்டை 7.0 முதல் 7.2 வரை என்பதால், நடுவில் நிறுத்திவிட்டால் இரு ஓரங்களும் பயன்படும். இதே கம்பி 21 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் ஓரளவு பொருந்தும் என்பது கூடுதல் லாபம்.

கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோ-ஆக்ஸ் கேபிளைக் கம்பத்தோடு சேர்த்து நேராகக் கீழே இறக்கி, இணைப்புக்குக் கீழேயே ஃபெரைட் எனும் காந்தப் பொருளால் ஆன வளையம் ஒன்றில் 10 அல்லது 12 சுற்றுச் சுற்றிவிட வேண்டும். இதைப் பலர் தவிர்க்கிறார்கள். அது பெரும் தவறு. நெருக்கமான தெருவில் இந்தச் சுற்று இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையே ஆன்டெனாவாகி, வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்றறிய, கருவியை பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் குறைந்தால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நடுவில் கம்பம் நிறுத்த வீட்டுக்காரர் ஒப்பாதபோது, ஒரு நுனியில் ஊட்டும் அரை அலைக் கம்பி உதவும். அதற்கு 49-க்கு 1 என்ற விகிதத்தில் மின்மாற்றி வேண்டும்; 43 வகை ஃபெரைட் வளையத்தில் முதற்சுருளில் 2 சுற்று, இரண்டாம் சுருளில் 14 சுற்று என்று சுற்றினால் போதும். 20 மீட்டர் கம்பியை மாடிப்படி அறையின் தலையிலிருந்து தொடங்கி வேண்டியபடி வளைத்துக் கொண்டுபோகலாம். 7, 14, 21, 28 என்று நான்கு பட்டைகளில் இயங்கும். தரையில் நிறுத்தும் செங்குத்து ஆன்டெனாவை மட்டும் இங்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குச் சுற்றிலும் பல தரைக் கம்பிகளைப் பரப்ப வேண்டும். நம் பாறை நிலம் கோடையில் காய்ந்து கிடக்கும்போது மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது.

காட்பாடிப் பக்கம் அடுக்கு மாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு வளைய ஆன்டெனா இருக்கிறது. 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயை ஒரு மீட்டர் விட்ட வளையமாக வளைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே மாறும் மின்தேக்கி ஒன்றை வைத்தால், 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 பிகோஃபேரட்டில் இசைவு வரும். அந்த வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது ஆற்றல் அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் தடை, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே திருகி இறுக்கிய ஒரு மோசமான இணைப்பே பாதி ஆற்றலை வெப்பமாக்கிவிடும். எல்லா இணைப்புகளையும் பற்றவைக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தடை பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால், அங்கு இந்த அளவு வளையத்திடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. 10 வாட்டிலேயே மின்தேக்கியில் மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். இயக்கும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாது. வளையத்தைத் திருப்பினால் இரைச்சல் வரும் திசையை ஒதுக்கிவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை.

எந்த ஆன்டெனாவானாலும், கம்பமோ கம்பியோ எப்பக்கம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தொலைவில் இருக்க வேண்டும். தெருவை ஒட்டிக் கம்பி போகும் வீடுகளில் இதற்கு இடமில்லை என்றால், கட்டாமல் இருப்பதே சரி. மாலையில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கட்டிய நைலான் கயிறு வெயிலில் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். கத்திரி முடிந்ததும் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்து, மழைக்காலத்துக்கு முன் புதுக் கயிறு மாற்றிவிடுங்கள்.